சுண்டுவிரல் கேள்வி

கனமான சாமானைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வாடகைக்கு வேண்டும் என்று யார் போன் செய்தாலும் அக்கா முதலில் செய்கிற காரியம், இடது கையை விரித்து மேசைமேல் வைத்துக்கொள்வதுதான். கையில் ஐந்து விரல். அவளிடம் ஐந்து கேள்வி. கட்டைவிரல்: என்ன சாமான், என்ன எடை? ஆள்காட்டி விரல்: வாசல் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்? நடுவிரல்: எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும்? மோதிரவிரல்: வழி எப்படி, மேடா பள்ளமா, வண்டி திரும்ப இடம் உண்டா? சுண்டுவிரல்: தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விரல் மடங்கும். ஐந்தும் மடங்கிக் கை மூடிய பிறகுதான், "சரிங்க, வண்டி வரும்" என்று வாயைத் திறப்பாள்.

சொந்தத் தம்பிதான் வண்டியை ஓட்டுபவன். இருவரும் சேர்ந்து வாங்கிய ஒரே வண்டி. கைமாறி வந்த வண்டியானாலும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருப்பான். யார்டு என்று பேர்தானே தவிர, அது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும், அதன் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு போன் உள்ள அறையும்தான். அங்கே வேலை செய்யும் இன்னொருவர் மெக்கானிக். எதையும் அவசரப்பட்டுச் செய்யாதவர் என்பதால் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. யார்டில் எல்லோருக்கும் அவள் அக்கா, நிதானத்துக்கும் அக்காதான். அவளோ அவரை அண்ணே என்பாள். இருவரில் யார்தான் மூத்தவர் என்று வருகிறவர்கள் தலையைச் சொறிவார்கள்.

சுண்டுவிரல் கேள்வி எல்லோரையும் எரிச்சல்படுத்தும். தரைக்கு மேலே இருப்பதைப் பற்றிக் கேள், பதில் சொல்கிறோம். அடியில் இருப்பதைப் பற்றி யாருக்குத் தெரியும்? ஆனால் அக்கா விடமாட்டாள். வேறொரு யார்டின் வண்டி ஒரு சந்தையில் சாக்கடை மூடியின்மேல் ஏறி, மூடி உடைந்து, ஒரு சக்கரம் உள்ளே போய் அப்படியே கவிழ்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதை ஓட்டியவர் இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். வெறும் வண்டியே நாலு டன்னுக்கு மேல். சாமானையும் தூக்கிக்கொண்டால் முன்சக்கரம் இரண்டும் தரையை ஆணி அடிப்பதுபோல அழுத்தும். அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவன் தன் கூடப் பிறந்தவன்.

கூடப் பிறந்தவனுக்கோ அது பெரிய வேடிக்கை. "பொண்ணு பார்க்கப் போனாகூட இத்தனை கேள்வி கேட்க மாட்டாங்கக்கா" என்பான். சுண்டுவிரல் முறை வந்ததும், அவளுக்கு முந்திக்கொண்டு அவனே, "அடியில என்ன இருக்கு? புதையலா?" என்று கிசுகிசுப்பான். அவள் முறைப்பாள். அவன் நகர்ந்துவிடுவான். நாள் தவறாமல் நடக்கிற கூத்துதான்.

அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் அது கொஞ்சம் கூடிப்போனது. சலவைக்கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். ஓட்டல், மருத்துவமனைத் துணிகளை மொத்தமாக எடுத்துத் துவைத்துக் கொடுக்கிற பெரிய கடை. புதிதாக ஒரு ராட்சதத் துவைக்கும் மெஷின் பெட்டியோடு லாரியில் வருகிறதாம். நாளைக் காலையில் அதை இறக்கி, முன்ஹாலைத் தாண்டி, பின்னறையில் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம். அக்கா கேட்கக் கேட்க அவர் கணீர் கணீர் என்று பதில் சொன்னார். தரை எப்படி என்றதற்கு, "கான்கிரீட்டும்மா, பாறை மாதிரி" என்றார். நாலு விரல் மடங்கிவிட்டது.

அப்போதுதான் வேலை முடித்து வந்த தம்பி மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, தானும் ஒரு கையை விரித்து, அக்காவைப் போலவே உதட்டைக் கடித்து, கண்ணை இடுக்கி, விரலை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான். கடைசியில் சுண்டுவிரலை மட்டும் விறைப்பாக நீட்டி, போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "புதையல் இருந்தா பாதி எங்களுக்குன்னு இப்பவே பேசி முடிச்சிடுக்கா" என்றான்.

அக்காவுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. போனில் ஒரு பெரிய மனிதர் காத்திருக்கிறார். சிரித்தால் மரியாதையாக இருக்காது. வாயைப் பொத்திக்கொண்டு, எப்படியோ, "சரிங்க சார், காலையில வண்டி வந்துடும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நிதானம் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தம்பி வண்டியை ஒரு வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். போகிற அவசரத்தில், அவன் மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டு கேரியரை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். மதியம் நிதானத்திடம் கொடுத்து அனுப்பலாம் என்று அக்கா அதை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

வெயில் ஏறிய நேரத்தில் போன் அடித்தது.

"மெஷின் தூக்குற வண்டி அனுப்புற இடம்தானே? நான் சலவைக்கடைக்காரர் வீட்டம்மா பேசுறேன், வீட்டுல இருந்து. அவரு போனை எடுக்கவே மாட்டேங்கிறார். லைனு வேற பிஸி பிஸின்னே வருது. உங்க டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா?"

"சொல்லுங்கம்மா, என்ன சொல்லணும்?"

"வேலை முடிஞ்சதும் வண்டியை ஹாலுக்குள்ளயே நிறுத்திட வேண்டாம்னு சொல்லுங்க. மதியம் தண்ணி லாரி வருது. குழாயை உள்ளே இழுத்துட்டு வரணும்."

"தண்ணி லாரிக்கும் ஹாலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"தொட்டியோட வாய் அங்கதானே இருக்கு? ரப்பர் பாய் போட்டு மூடியிருக்கும், பார்த்தா தெரியாது. ஹாலுக்கு அடியில முன்பக்கம் பூராவும் தொட்டிதான். சலவைக்கடைக்கு வேற எப்படிம்மா தண்ணி பத்தும்? இப்பச் சுத்தமா காலி, அதான் அவசரம்."

அக்கா தன் இடது கையைப் பார்த்தாள். பழக்கத்தில் அது மேசைமேல் விரிந்து கிடந்தது. நாலு விரலை மடக்கி, சுண்டுவிரலை நீட்டியபடியே வாயைப் பொத்திக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"அம்மா, நீங்க போனை வெச்சிட்டு அவருக்கே திரும்பத் திரும்ப அடிங்க. வண்டியை உள்ள விடக் கூடாதுன்னு சொல்லுங்க. யாரும் ஹாலுக்குள்ள நிக்கக் கூடாது. நானும் வரேன்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைம்மா. ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

தம்பியின் எண்ணை அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது அணைந்துதான் இருக்கும். வண்டியில் சாவி இருக்கிற வரைக்கும் போனை அணைத்து, இருக்கைக்கு அடியில் இருக்கும் கருவிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது யார்டின் சட்டம். சட்டத்தைப் போட்டவளும் அவளே. தம்பி எத்தனையோ விஷயத்தில் அவளை ஏய்த்திருக்கிறான்; இந்த ஒன்றை மட்டும் மீறியதில்லை. இன்றைக்கு ஒரு நாள் மீறித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

சலவைக்கடைக்காரருக்கு அடித்தாள். பிஸி. மறுபடி அடித்தாள். பிஸி.

"அண்ணே! ஸ்கூட்டரை எடுங்க!"

நிதானம் ஒரு போல்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைத் துடைத்து முடித்து, டப்பாவில் போட்டு, டப்பாவை மூடிவிட்டு வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், அவர் கணக்கில் ஓட்டம் என்று சொல்லத் தக்க ஒரு நடையில் ஸ்கூட்டரிடம் போனார். ஹெல்மெட்டை மாட்டினார். வாரை இழுத்துப் பார்த்தார். முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பின் டயரையும் அழுத்தக் குனிந்தபோது அக்கா அழாத குறையாக, "அண்ணே, உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்" என்றாள். நிமிர்ந்துவிட்டார்.

வழி நெடுக அவள் போனும் காதுமாகவே இருந்தாள். தம்பிக்கு ஒரு தரம், சலவைக்கடைக்காரருக்கு ஒரு தரம். அணைந்திருக்கிறது, பிஸி, அணைந்திருக்கிறது, பிஸி. இந்த மனிதர் யாரிடம் இவ்வளவு நேரம் பேசுகிறார்? முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒரு எண்ணம் வந்தது. ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறாரோ? வலது கையில் போன், இடது கையில் ஏதோ கனமாக இருக்கிறதே என்று பார்த்தால், சாப்பாட்டு கேரியர். எப்போது எடுத்தாள், ஏன் எடுத்தாள், அவளுக்கே தெரியாது.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே."

"போய்க்கிட்டுதானேக்கா இருக்கேன்."

"நம்மளை சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்."

"அவனுக்கு என்ன அவசரமோ."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். சிரிப்புதான் இத்தனைக்கும் காரணம் என்று நினைத்ததும் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டாள். தம்பி முதன்முதலில் வண்டி ஓட்டப் பழகிய நாளில், பின்னால் போகிறேன் என்று கொட்டகைத் தூணை இடித்ததில், அவன் தலையில் தகரம் விழப் பார்த்தது. இறங்கி வந்தவன், தூணைத்தான் முதலில் தடவிக் கொடுத்தான், "வலிக்குதா?" என்று. அவனிடம் யாரால் கோபமாக இருக்க முடியும்?

கடை இருந்த தெருவில் திரும்பியதும் கூட்டம் தெரிந்தது.

நடுத்தெருவில் மெஷின் பெட்டியோடு ஒரு லாரி. அதைச் சுற்றி ஆட்கள். எல்லோருடைய முதுகும் அவள் பக்கம். எல்லோருடைய பார்வையும் கடை வாசல் பக்கம். ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே அவள் குதித்துவிட்டாள். "பார்த்து, பார்த்து" என்று நிதானம் சொன்னது காதில் விழவில்லை. கேரியரால் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

வாசலுக்கு வெளியே, படியை ஒட்டி, ஃபோர்க்லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது. நாலு சக்கரமும் தெருவில். முன்னால் நீட்டிய ஃபோர்க் தண்டுகள் இரண்டும் பணிவாகத் தரையில் படிந்திருந்தன. வாசல் படிக்கட்டின் ஓரத்தில் தம்பி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே சலவைக்கடைக்காரர் போனை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் பிஸி! உங்கக்கா யார்கிட்டய்யா இப்படி விடாம பேசுறாங்க?"

"அதான் எனக்கும் புரியல சார். அவ்வளவு பேசுற ஆளில்லை" என்றான் தம்பி. பிறகு அக்காவைப் பார்த்துவிட்டு எழுந்தான். "இதோ, ஆளே வந்துட்டா."

அக்கா அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். பிறகு அதே தோளைப் பிடித்து, கையைப் பிடித்து, முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன. பிறகு இன்னொரு அடி வைத்தாள்.

"எதுக்கு ரெண்டு?"

"முதல்ல அடிச்சது சரியா விழல."

அவன் உட்கார்ந்திருந்த படிக்கட்டிலேயே அவள் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அதுவரை எங்கேயோ போயிருந்த மூச்சு ஒரேயடியாகத் திரும்பி வந்தது. தெருவில் இருந்த வெயில்கூட அப்போதுதான் உறைத்தது. "கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றாள்.

"தொட்டியே காலிம்மா" என்றார் சலவைக்கடைக்காரர், பரிதாபமாக. லாரி டிரைவர் தன் பாட்டிலைக் கொடுத்தார்.

நடந்தது இதுதான். தம்பி பெட்டியை லாரியிலிருந்து இறக்கி, ஃபோர்க்கில் தாங்கிக்கொண்டு, வாசல்படி வரைக்கும் வந்துவிட்டான். படியில் இரும்புத் தகடு போட்டுச் சரிவாக வழி செய்திருந்தார்கள். சலவைக்கடைக்காரர் ஹாலின் நடுவே நின்று, "வா, வா, வா" என்று இரண்டு கையாலும் அழைத்துக்கொண்டிருந்தார். முன்சக்கரம் தகட்டைத் தொட்டது. அப்போது தம்பி நிறுத்திவிட்டு, எட்டிப் பார்த்து, சத்தமாகக் கேட்டிருக்கிறான்: "சார், தரைக்கு அடியில என்ன இருக்கு? புதையலா?"

"நான் என்னன்னு நினைச்சேன்? ஏதோ தமாசு பண்றாருன்னு நினைச்சேன்" என்றார் சலவைக்கடைக்காரர். "புதையல் எங்கய்யா, தண்ணித் தொட்டிதான் இருக்குன்னேன். அவ்வளவுதான். மனுசன் வண்டியை அப்படியே பின்னால எடுத்துட்டாரு. பெட்டியைத் திரும்ப லாரியில வெச்சிட்டாரு. அக்கா வந்து பார்க்காம ஒரு அடிகூட நகர மாட்டேன்னு உட்கார்ந்துட்டாரு. நானும் கத்திப் பார்த்தேன். இத்தனை வருசமா இந்தத் தரையில நடக்கிறோம், துணி மூட்டை அடுக்குறோம், ஒரு கீறல் விழுந்ததில்லைன்னேன். அசையலியே."

"அவர் போன்லதான்க்கா உனக்கு அடிச்சிக்கிட்டே இருந்தோம்."

"நான் அவருக்குத்தான்டா அடிச்சிக்கிட்டே இருந்தேன்."

லாரி டிரைவர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். அவரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. சலவைக்கடைக்காரரும் சிரிக்க வாயெடுத்தார், பாதியில் நின்றுவிட்டார். அவர் தலை மெதுவாக ஹாலின் பக்கம் திரும்பியது. ரப்பர் பாய் விரித்த அந்த இடத்தைப் பார்த்தார்.

"நான்தானே அங்க நின்னேன்" என்றார். "நடுவுல. வா வான்னு நான்தானே கூப்பிட்டேன்."

அக்கா சற்று நகர்ந்து, படிக்கட்டில் அவருக்கும் இடம் விட்டாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருமாக லாரி டிரைவரின் தண்ணீரை மிச்சமில்லாமல் குடித்தார்கள். போன் அடித்தது. வீட்டம்மாதான். "இப்பத்தான் லைனு கிடைச்சுது! ஒண்ணும் ஆகலையே?" என்ற குரல் வெளியில் நின்றவர்களுக்கே கேட்டது. "ஆகலைடி, ஆகலை, முழுசா இருக்கேன்" என்றார் அவர். குரல் தழுதழுத்தது. அவர் இப்படிப் பேசிக் கேட்டிராத வீட்டம்மா, "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று பயந்துபோனாள்.

மெஷின் என்னவோ லாரியில்தான் இருந்தது. வேலை வேலைதானே. அக்கா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னறைக்கு வேற வழி இருக்கா சார்?"

"பின்னால துணி காயப்போடுற இடம் இருக்கு. தள்ளுவண்டி போக ரெட்டைக் கதவு இருக்கு. ஆனா அந்தச் சந்துல லாரி நுழையாதே?"

"லாரி நுழைய வேண்டாம். இவன் நுழைஞ்சா போதும்."

அக்கா இடது கையை விரித்தாள். இப்போது அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கட்டைவிரல்: எடை பெட்டியின்மேலேயே எழுதியிருந்தது, படித்தாள், மடக்கினாள். ஆள்காட்டி விரல்: ஒரு நீளத் துடைப்பக் கட்டையை வாங்கி வண்டியின் உச்சி மட்டத்துக்கு அதில் நூல் கட்டி, பின்கதவு நிலையில் நிறுத்திப் பார்த்தாள். நூலுக்குமேல் ஒரு சாண் மிச்சம் இருந்தது. நடுவிரல்: தரையிலேயே வைப்பதுதான், தூக்குகிற வேலையில்லை. மோதிரவிரல்: சந்தில் ஒரு திருப்பம் இருந்தது. தம்பி வெறும் வண்டியை ஒரு முறை கொண்டுபோய்த் திருப்பிக் காட்டினான். சுவருக்கும் வண்டிக்கும் இடையே நிதானம் ஒருக்களித்து நின்று பார்த்து, "போகும்" என்றார். அவர் ஒன்று போகும் என்றால் அது போகும். சொல்ல எடுத்துக்கொள்கிற நேரம்தான் அதிகம்.

காயும் இடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கின. கடைப் பெண்கள் ஓடி ஓடி உருவிக் கூடையில் போட்டார்கள். வெள்ளைத் திரை விலக விலகப் பின்கதவும் பின்னறையும் தெரிந்தன.

சுண்டுவிரல் நீண்டபடி நின்றது. அக்கா அறைக்குள் போய் நடுவில் நின்றாள்.

"இதுக்கு அடியில என்ன இருக்கு?"

சலவைக்கடைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடினார். நேற்றுச் சாயங்காலம் பாறை என்று சொன்ன வாய். இந்த முறை அவர் யோசித்தார். "தொட்டி முன்ஹாலோட நின்னுடுது. கட்டும்போது கூடவே இருந்தவன் நான். இங்க அடியில வெறும் மண்ணுதான். குழாய் அந்தச் சுவரோரமா போகுது. அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று இஸ்திரி மேசையிலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தாள். "எலி இருக்கு. போன மாசம் என் செருப்பைக் கடிச்சுது."

"எலி தாங்கும்" என்றான் தம்பி.

அக்காவின் உதடு துடித்தது. சிரிக்கவில்லை. முதலில் சுண்டுவிரலை மடக்கினாள். அதை மற்ற நாலோடு சேர்த்து இறுக்கி மூடினாள். அப்புறம்தான் சிரித்தாள்.

வேலை அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பெட்டி கண்ணை மறைக்கிற உயரம் என்பதால் தம்பி பின்பக்கமாகவே வண்டியைச் செலுத்தி, சந்தின் கடைசியில் திருப்பிக்கொண்டு வந்தான். கை காட்டியது அக்கா ஒருத்திதான். கூட்டத்தில் இருந்த யாராவது "இடது, இடது" என்று உதவிக்கு வந்தால், நிதானம் அவர்கள் தோளில் கைபோட்டு மெல்ல அப்பால் அழைத்துக்கொண்டு போனார். பின்கதவு தாண்டியது. பின்னறைத் தரையில் பெட்டி உட்கார்ந்தது. ஃபோர்க் இரண்டும் அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தபோது கேட்ட அந்த உரசல் சத்தம், நல்ல தூக்கத்துக்கு முன் விடுகிற பெருமூச்சு மாதிரி இருந்தது. தம்பி வண்டியை அணைத்தான், சாவியை எடுத்தான், போனை வெளியே எடுத்து உயிர்ப்பித்தான். அது விடாமல் கிணுகிணுத்தது.

"என்னக்கா இது, இத்தனை தடவையா அடிச்சிருக்கே? காதலிச்சப்போ என் பொண்டாட்டிகூட இவ்வளவு அடிச்சதில்லை."

காயும் இடத்தின் நிழலில், கவிழ்த்துப் போட்ட கூடைகளின்மேல் உட்கார்ந்தார்கள். அக்கா கேரியரை நீட்டினாள். தம்பி வாங்கித் திறந்து, முதல் தட்டை அவளிடம் கொடுத்தான், இரண்டாவதை நிதானத்திடம் கொடுத்தான், கேரியரின் அடிப்பாத்திரத்தைத் தனக்கு வைத்துக்கொண்டான். அதில்தான் நிறைய இருந்தது.

"நேத்து நான் கடைசிக் கேள்வியைக் கேட்கல" என்றாள் அக்கா, தட்டைப் பார்த்தபடியே.

"தெரியும். நான் பக்கத்துலதானே நின்னேன்."

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"நேத்து எங்க தெரிஞ்சுது? இன்னிக்கு வாசல்படியிலதான் தெரிஞ்சுது." வாயில் இருந்ததை விழுங்கினான். "அந்த மனுசன் வா வான்னு கூப்பிடுறாரு. எனக்கு என்ன தோணுதுன்னா, நேத்து அவ்வளவு நல்லா ஒரு தமாசு பண்ணினோமே, அவர் அதுக்கு ஒண்ணுமே சொல்லலியேன்னு. நம்ம ஆளுங்க வழக்கமா ஏதாவது சொல்வாங்க. எங்க வீட்டுக்கு அடியில புதையல் இருந்தா நான் ஏன் உங்ககிட்ட வாடகைக்கு எடுக்கிறேன், அப்படி ஏதாவது. இவர் காதுல அது விழவே இல்லை போலிருக்கே, வீணாப் போச்சேன்னு மறுபடி ஒரு தடவை சொன்னேன். அவர் தொட்டின்னாரு."

"அதாவது, உன் தமாசுக்கு யாரும் சிரிக்கலைங்கிற கவலையில வண்டியை நிறுத்தினே."

"வேற எதுக்கு நிறுத்துவேன்?"

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று எந்தச் சிரிப்பு கேள்வியை விழுங்கியதோ, அந்தச் சிரிப்பேதான் அதை இன்று வாசல்படியில் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. இவனைத் திட்டுவதா, கும்பிடுவதா? இரண்டும் வேண்டாமென்று, தன் தட்டில் இருந்ததில் பாதியை எடுத்து அவன் பாத்திரத்தில் போட்டாள்.

"இனிமே கடைசிக் கேள்வியை நீயே கேளு" என்றாள்.

"புதையலோடயா?"

"புதையலோடயே கேளு. பதில் வர்ற வரைக்கும் விடாதே."

தண்ணீர் லாரி வந்துவிட்டது. முன்ஹாலில் ரப்பர் பாயைச் சுருட்டி, இரும்பு மூடியைத் தூக்கினார்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் அதைச் சுற்றி வந்து நின்றார்கள். உள்ளே இருட்டு, அடி தெரியவில்லை. ஹாலின் முன்பாதி முழுக்க, காலுக்குக் கீழே, அத்தனை பெரிய வெறுமை. சலவைக்கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கி நின்றுகொண்டார்.

தம்பி மண்டியிட்டுக் குனிந்து, உள்ளே தலையை நீட்டி, "புதையல்!" என்று ஒரு சத்தம் போட்டான்.

"யல்... யல்..." என்று தொட்டி திருப்பிச் சொன்னது.

"பதில் வந்துடுச்சு" என்று சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சலவைக்கடைக்காரர்தான் எல்லோருக்கும் முன்னால் சிரித்தார், கண்ணில் நீர் வருமளவுக்கு. குழாயை உள்ளே விட்டார்கள். தண்ணீர் வெகு ஆழத்தில் விழுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

ஃபோர்க்லிஃப்டை வாடகை லாரியில் ஏற்றி, தம்பியை அதனோடு அனுப்பிவிட்டு, அக்கா தெருவுக்கு வந்தாள். நிதானம் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, முன் டயரை அழுத்திவிட்டு, பின் டயருக்குக் குனியும் முன் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"அழுத்துங்கண்ணே, அழுத்திப் பாருங்க."

அழுத்தினார். ஏறி உட்கார்ந்தார்.

"நான் மெதுவாதான் போவேன்க்கா, இப்பவே சொல்லிட்டேன்."

"மெதுவாவே போங்கண்ணே" என்றாள் அக்கா, காலி கேரியரை மடியில் வைத்துக்கொண்டு. "எவ்வளவு மெதுவா முடியுமோ, அவ்வளவு மெதுவா."